ஆல்புமின் எங்கே உருவாகிறது? லியோன் மில்லரும் ஓர் எலிக் கல்லீரலும்: நிகழ்வு ஆய்வு

எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை) ரிப்போர்ட் ஒன்றைக் கையில் வாங்கினால் எல்லோருடைய கண்ணும் முதலில் பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி பக்கம்தான் போகும். அதற்குக் கீழே டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், குளோபுலின், ஏ/ஜி ரேஷியோ என்று நான்கு வரிகள் இருக்கும், அவற்றைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கல்லீரல் சோதனைப் பட்டியலுக்குள் ரத்தப் புரதத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், "ஆல்புமினைக் கல்லீரல்தானே தயாரிக்கிறது" என்று மருத்துவ மாணவர் யாரும் உடனே சொல்லிவிடுவார். சரி, அது எப்படித் தெரிந்தது? அந்த இடத்தில் பலருக்கும் பதில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் பாடநூலில் அது ஒரே வரி.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் லியோன் எல். மில்லர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்தவர். நோபல் பரிசு வாங்கியவர் இல்லை. 1940-லிருந்து 1969 வரை அவர் செய்த வேலைகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆராய்ச்சியாளர் ஒரே உறுப்பை எப்படி விடாமல் கேள்வி கேட்டார் என்று பார்க்கப் போகிறேன். அவர் பெயரைப் பலரும் எலிக் கல்லீரலைத் தனியாக எடுத்து உயிரோடு வைத்ததற்காக நினைக்கிறார்கள். என் கணக்கில், அதற்குப் பிறகு கல்லீரல் இல்லாத எலி உடலிடமும் போய் அதே கேள்வியைக் கேட்டதுதான் பெரிய விஷயம்.

விப்பிளின் நாய்களும் குளோரோஃபார்மும்

ராச்செஸ்டர் என்றால் ஜார்ஜ் விப்பிளைச் சொல்லாமல் தொடங்க முடியாது. அந்த மருத்துவப் பள்ளியின் முதல் டீன் அவர். ரத்தசோகைக்குக் கல்லீரல் உணவு உதவுகிறது என்ற ஆராய்ச்சிக்காக 1934-ல் மினட், மர்ஃபி இருவரோடும் சேர்ந்து நோபல் பெற்றவர். ஆனால் அதற்கு வெகு முன்பே அவருக்கு இன்னொரு விஷயத்தில் பிடிப்பு இருந்தது: குளோரோஃபார்ம். அப்போது அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தாகத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட பொருள் அது, சிலருக்கு ஓரிரு நாள் கழித்துக் கல்லீரல் அழுகி உயிரைக் குடித்தது. விப்பிளும் ஹர்விட்ஸும் 1911-ல் நாய்களில் காட்டியது என்னவென்றால், குளோரோஃபார்மால் கல்லீரல் சிதையும்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் கூடவே சரிகிறது, கல்லீரல் தேறினால் அதுவும் ஏறுகிறது. ரத்தம் உறைவதற்கு அடிப்படையான புரதம் அது. ஆக ஒரு புரதத்துக்காவது கல்லீரலோடு தொடர்பு உண்டு என்ற சந்தேகம் 1911-லேயே வந்தாயிற்று.

அதன்பின் விப்பிள் குழு நாய்களின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மா என்ற திரவப் பகுதியைப் பிரித்துவிட்டு, சிவப்பணுக்களை மட்டும் திரும்ப உள்ளே விட்டது. இதையே திரும்பத் திரும்பச் செய்து, புரதம் குறைந்த உணவும் கொடுத்தால், உடலில் இருக்கும் புரதக் கையிருப்பு வற்றிவிடும். பிறகு எந்த உணவு கொடுத்தால் பிளாஸ்மா புரதம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கலாம். இன்றைய கண்ணோடு பார்த்தால் அந்த நாய்களின் பாடு மனதைச் சங்கடப்படுத்தும், அதை மறைக்க வேண்டியதில்லை.

மில்லர் உள்ளே வருவது இங்கேதான். 1940-ல் அவரும் விப்பிளும் வெளியிட்ட முடிவு: புரதக் கையிருப்பு குறையக் குறைய குளோரோஃபார்மின் கல்லீரல் சேதம் கூடுகிறது. நன்றாகத் தின்ற நாய் தாங்கிக்கொள்ளும் அளவு மயக்க மருந்து, புரதம் வற்றிய நாய்க்கு எமனாகிறது. எந்தப் புரதம் காப்பாற்றுகிறது என்று தேடிப் போனார்கள். மெத்தியோனின், சிஸ்டின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்கள் வேலை செய்தன. இரண்டிலும் கந்தகம் உண்டு. 1942-ல் இன்னும் ஒரு படி மேலே: மெத்தியோனினை மயக்கம் கொடுத்த பிறகு சில மணி நேரத்துக்குள் கொடுத்தாலும் கல்லீரல் தப்பிக்கிறது.

இது ஏன் என்பதற்கான விளக்கம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. கல்லீரல் குளோரோஃபார்மை உடைக்கும்போது பாஸ்ஜீன் உருவாகிறது, அது கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் தாக்கும். குளுட்டாத்தயோன் என்ற கந்தகமுள்ள சிறு மூலக்கூறு அதை மடக்கிப் பிடிக்கும். குளுட்டாத்தயோன் செய்ய சிஸ்டின் வகையறா வேண்டும், மெத்தியோனினிலிருந்து உடல் அதைச் செய்துகொள்ளும். 1970-களில் பாராசிட்டமால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டவர்களுக்கு என்-அசிட்டைல்சிஸ்டைன் மாற்று மருந்தாக வந்தது, இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் ஏற்றுகிறார்கள். பிரிட்டனில் சில காலம் மெத்தியோனினையே இதற்குக் கொடுத்தார்கள். 1942-ன் நாய்ச் சோதனையிலிருந்து அந்த மருந்து நேராகப் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தர்க்கம் ஒன்றேதான், "சேதம் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கதவு திறந்திருக்கிறது" என்பது உட்பட.

அப்போது இருந்த சிக்கல்

இப்போது முக்கியமான கேள்வி. பிளாஸ்மா புரதங்கள் எங்கே உருவாகின்றன? கல்லீரலை அகற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். மேயோ கிளினிக்கில் ஃபிராங்க் மான் 1920-களிலேயே நாய்களின் கல்லீரலை முழுதாக அகற்றும் அறுவையைச் செய்து காட்டினார். ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது, குளுக்கோஸ் ஏற்றினால் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் ஆல்புமின் பிரச்சினைக்கு இது உதவாது. மோட்டாரை நிறுத்தியதும் மாடித் தொட்டி காலியாகிவிடாது அல்லவா, அந்தக் கதைதான். மனிதனில் ஆல்புமினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 20 நாள். கல்லீரல் இல்லாத நாய் அவ்வளவு நாள் உயிரோடு இருக்காது. ஃபைப்ரினோஜென் சில நாட்களிலேயே பாதியாகும் என்பதால்தான் விப்பிளால் அதன் சரிவைப் பார்க்க முடிந்தது.

கதிரியக்க அடையாளம் வைத்த அமினோ அமிலம் கிடைத்ததும் நிலைமை மாறியது, ஆனால் முழுதாக மாறவில்லை. 1940-ல் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் பெர்க்லியில் கார்பன்-14-ஐக் கண்டுபிடித்தார்கள், 1946-லிருந்து ஓக் ரிட்ஜ் அணு உலையில் தயாரானது ஆய்வகங்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. அடையாளமிட்ட அமினோ அமிலத்தை முழு எலிக்குள் செலுத்தினால் அது எல்லா உறுப்புக்கும் போகும், எல்லா உறுப்பும் புரதம் செய்யும், ரத்தத்தில் வந்து சேரும் புரதம் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. கல்லீரல் இல்லாத நாய்க்கு கதிரியக்க கந்தகமுள்ள மெத்தியோனின் கொடுத்து டார்வர், ரெய்ன்ஹார்ட் இருவரும் 1947-ல் பார்த்தார்கள், பிளாஸ்மா புரதத்துக்குள் மிகக் குறைவாகவே போயிற்று. ஆனால் அது இல்லாமையை வைத்துச் சொல்லும் சாட்சி. பெரிய அறுவையில் சாகக் கிடக்கும் நாய் புரதம் செய்யவில்லை என்றால், கல்லீரல் இல்லாததாலா, சாகப் போவதாலா? எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் கேட்பார். 1950-ல் பீட்டர்ஸ், அன்ஃபின்சன் இருவரும் கோழிக் கல்லீரல் சீவல்கள் ஆல்புமின் செய்வதைக் காட்டினார்கள். நல்ல ஆதாரம். ஆனால் சீவல் என்பது சீவல்தான், முழு உறுப்பின் வேகம் அதில் வராது.

1951

மில்லர், ப்ளை, வாட்சன், பேல் நால்வரும் செய்தது இது. எலியின் கல்லீரலைக் கவனமாக வெளியே எடுத்து, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரையில் குழாய் செருகி, உறையாமல் இருக்க ஹெப்பாரின் கலந்த எலி ரத்தத்தைச் சுற்றில் ஓடவிட்டார்கள். ரத்தம் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மெல்லிய படலமாகப் பரவி ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும், அதுதான் நுரையீரல். உடல் வெப்பத்தில் வைத்த பெட்டிக்குள் எல்லாம். பித்தநாளத்திலும் ஒரு குழாய். பித்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் கல்லீரல் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓர் எலிக் கல்லீரல் சுமார் 10 கிராம்தான், ஆனால் சுற்றில் ஓட்டுவதற்கு ஓர் எலியின் ரத்தம் போதாது, பல எலிகளிடமிருந்து எடுக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு இப்படி ஓட்டினார்கள்.

ரத்தத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தார்கள். அதன் கடைசிக் கார்பனில், எப்சிலான் இடத்தில், கார்பன்-14. ஏன் லைசின் என்று கேட்டால் அந்தத் தேர்விலேயே புத்திசாலித்தனம் தெரியும். லைசினை உடலால் செய்ய முடியாது. மற்ற பல அமினோ அமிலங்கள்போல நைட்ரஜனைக் கைமாற்றிக்கொண்டு வேறொன்றாக மாறித் திரும்பி வருவதும் இல்லை. ஆகவே அந்த அடையாளம் ஒன்று புரதத்துக்குள் லைசினாகவே உட்காரும், இல்லையென்றால் எரிந்து கார்பன் டைஆக்சைடாக வெளியே வரும். அலனின் போன்ற ஒன்றில் வைத்தால் வேறு எங்கோ மூலக்கூறு சிதறி, கணக்கு குழம்பியிருக்கும்.

முடிவு: தனிக் கல்லீரல், முழு எலிக்கு ஏறக்குறைய இணையான வேகத்தில் லைசினைப் பிளாஸ்மா புரதங்களுக்குள் கோத்தது. கல்லீரல் நீக்கிய உடலை ஓட்டியபோது அப்படி நடக்கவில்லை. அவர்கள் எழுதிய முடிவு: ஃபைப்ரினோஜென் கிட்டத்தட்ட முழுவதும், ஆல்புமின் பகுதி முழுவதும், குளோபுலின்கள் என்ற மற்ற ரத்தப் புரதங்களில் அநேகமாக 80 சதவீதத்துக்கு மேலும் கல்லீரலே செய்கிறது. "முதன்மைப் பங்கு" என்ற தொனியில்தான் தலைப்பும் இருந்தது.

இங்கே என் மரியாதைக்குக் காரணம் அந்த 80 சதவீதம்தான். 100 என்று எழுதிவிட ஆசை வரும். எழுதவில்லை. மீதி எங்கே போகிறது என்று தேடப் போனார்கள்.

1954: எதிர்ப்பக்கத்தைக் கேட்டது

1954-ல் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். ஒன்றில் மில்லரும் பேலும் மின்புலத்தில் புரதங்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். அதற்கு முன் உப்புச் சேர்த்து வீழ்படிய வைத்துத்தான் பிரிப்பார்கள், அது முரட்டுத்தனமான வேலை. இப்போது ஆல்புமின், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கதிரியக்கம் என்று எண்ணலாம். தனிக் கல்லீரலிலிருந்து வந்த ரத்தத்தில் காமா குளோபுலினைத் தவிர மற்ற எல்லாப் பட்டையும் கதிரியக்கத்தோடு இருந்தது. இன்னொரு கட்டுரையில் ப்ளையும் சேர்ந்து கல்லீரல் அல்லாத எலி உறுப்புகளை அதே லைசின் போட்டு ஓட்டினார்கள். அங்கே நிலைமை நேரெதிர்: அவை தரும் பிளாஸ்மா புரதத்தில் பிரதானம் காமா குளோபுலின்.

இதன் எடை என்னவென்று கொஞ்சம் யோசியுங்கள். முதல் பரிசோதனையை எதிர்த்து ஒருவர், "உன் கருவிக்குள் கல்லீரல் காமா குளோபுலின் செய்யாதது கருவியின் கோளாறு" என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது பரிசோதனையை எதிர்த்து, "கல்லீரல் இல்லாத உடல் செத்துக்கொண்டிருக்கிறது, அதனால் ஆல்புமின் செய்யவில்லை" என்று சொல்லலாம். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டு வாதமும் விழுகிறது, ஏனென்றால் "செத்துக்கொண்டிருக்கும்" உடல் காமா குளோபுலினை நன்றாகவே செய்கிறது, "கோளாறான" கருவியில் இருக்கும் கல்லீரல் மற்ற அத்தனையையும் செய்கிறது. ஒன்றுக்கொன்று காவல்.

காமா குளோபுலின் என்றால் பெரும்பகுதி எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்). ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் 1948-லேயே எதிர்ப்பொருளைப் பிளாஸ்மா செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் செய்கின்றன என்று காட்டியிருந்தார். இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஏ/ஜி ரேஷியோவுக்கு அர்த்தம் வருவது இதனால்தான். இரண்டு வெவ்வேறு தொழிற்சாலையின் சரக்கை ஒன்றால் மற்றதை வகுத்துப் பார்க்கிறோம். கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிக்கு ஆல்புமின் இறங்கும். குடலிலிருந்து வரும் கிருமிப் பொருட்களைக் கல்லீரல் சரியாக வடிகட்டாததால் எதிர்ப்பொருள் உற்பத்தி ஏறும். விகிதம் தலைகீழாகும். பிளாஸ்மா செல் புற்றுநோயான மல்ட்டிபிள் மைலோமாவிலும் தலைகீழாகும், ஆனால் அங்கே ஏறுவது ஒரே குடும்பப் பிளாஸ்மா செல்லின் சரக்கு, கல்லீரல் மேல் குற்றமில்லை. டோட்டல் புரோட்டீன் மட்டும் பார்த்தால் இரண்டு பேருக்குமே நார்மல் என்று வந்து தொலைக்கலாம்.

அதே கருவி, வேறு கேள்விகள்

மில்லர் அந்தக் கருவியை விட்டுவிடவில்லை. 1960-ல் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை: குளுக்ககான் தனிக் கல்லீரலில் புரதத்தை உடைக்கத் தூண்டுகிறது, யூரியா கூடுகிறது. குளுக்ககான் என்றால் சர்க்கரை ஏற்றும் ஹார்மோன் என்று மட்டும் நினைத்த காலம் அது. இரண்டே ஆண்டில் ஆஷ்ஃபோர்டும் போர்ட்டரும் குளுக்ககான் கொடுத்த எலிக் கல்லீரலில் செல் தன் உறுப்புகளையே பைக்குள் அடைத்துச் செரிப்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள், 1963-ல் டி டூவ் அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தார்.

1962-ல் இன்னொன்று. அமினோ அமிலங்களை எந்த உறுப்பு எரிக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான், ஆனால் லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றும் விதிவிலக்கு. அவற்றை எரிப்பதில் தசைக்குத்தான் பெரிய பங்கு. ஜிம் கடைகளில் பிசிஏஏ டப்பா விற்கிறார்களே, அந்த மூன்றுதான். கல்லீரல் நோயாளிகளின் ரத்தத்தில் இம்மூன்றும் தாழ்ந்து, ஃபீனைல்அலனின், டைரோசின் உயர்வது பிற்பாடு மருத்துவர்கள் கவனித்த விஷயம். கல்லீரல் எரிக்க வேண்டியது தேங்குகிறது, தசை எரிப்பது தொடர்கிறது, அவ்வளவுதான்.

சீவல்களை வைத்து 1932-ல் யூரியா சுழற்சியைக் கண்டுபிடித்த உயிர்வேதியியலாளர் கிரெப்ஸே 1966-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முழு எலிக் கல்லீரலை ரத்த ஓட்டத்தில் வைக்கும் முறைக்கு மாறினார். குளுக்கோஸ் உருவாகும் வேகம் சீவலில் படு மந்தம் என்பதுதான் காரணம். இன்று உறுப்பு மாற்று மருத்துவத்தில் தானமாக வந்த மனிதக் கல்லீரலை ஐஸ் பெட்டிக்குப் பதிலாக உடல் வெப்பத்தில் ரத்தம் ஓடும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்ட் குழுவினர் முன்னின்று நடத்திய பெரிய ஒப்பீட்டுச் சோதனை வெளியானது. பித்தம் வருகிறதா, லாக்டேட் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கருவி நவீனம், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், ஆனால் 1951-ன் அமைப்பைப் பார்த்தவருக்கு அந்நியமாகத் தெரியாது.

1969-ல் ஜான், மில்லர் இருவரின் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. கதிரியக்கம் ஏறுவதை மட்டும் பார்த்தால், புதுப் புரதம் நிகரமாகக் கூடியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு புரதத்தையும் எதிர்ப்பொருள் கொண்டு அளந்து, பல மணி நேரம் ஓட்டி, உண்மையில் எத்தனை மில்லிகிராம் கூடியது என்று பார்த்தார்கள். அமினோ அமிலங்களும் ஹார்மோன்களும் சேர்த்தால் ஃபைப்ரினோஜென், ஹேப்டோகுளோபின், ஆல்ஃபா-1 அமில கிளைகோபுரதம் போன்ற, அழற்சியின்போது எகிறும் புரதங்களின் உற்பத்தி எகிறியது. காயமோ கிருமியோ இல்லாத ஒரு சாதாரணக் கல்லீரல், மேசை மேல் இருந்தபடியே, காய்ச்சல் வந்த உடம்பின் கல்லீரல்போல நடந்துகொண்டது. அந்த மாற்றத்துக்கு உடம்பில் முக்கிய ஆணை தருவது இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் என்பது 1987 வாக்கில் தெளிவாயிற்று. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு சிஆர்பி எண்ணைப் பற்றிப் பேசினோமே, அதுவும் அதே ஆணைக்குக் கல்லீரல் அனுப்பும் சரக்குதான்.

அழற்சி சமயத்தில் ஆல்புமின் இவற்றுக்கு மாறாக இறங்குகிறது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆல்புமின் 2.8 என்று குறைவாக ரிப்போர்ட் வந்தால் நம் ஊரில் முதல் வைத்தியம், "தினம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு சாப்பிடு". முட்டையில் இருப்பது ஓவால்புமின், அது வேறு புரதம், வயிற்றுக்குள் போனால் அமினோ அமிலமாக உடைந்துதான் உள்ளே போகும். கல்லீரல் நோயாளிக்கு நல்ல புரத உணவு கட்டாயம் வேண்டும், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வழிகாட்டிகள் சொல்கின்றன, ஆகவே முட்டை நல்லதுதான். ஆனால் எண் 2.8-ல் நிற்பதற்குக் காரணம் கிருமித் தொற்றாக இருக்கலாம், சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுவதாக இருக்கலாம், வயிற்றில் நீர் சேர்ந்து ரத்தம் நீர்த்ததாக இருக்கலாம், கல்லீரலே சோர்ந்ததாக இருக்கலாம். நலமான ஒரு கல்லீரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஆல்புமின் செய்கிறது, செய்ததைச் சேமித்து வைப்பதில்லை. ஏன் குறைந்தது என்று மருத்துவர் தேட வேண்டிய எண் அது. திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் முதல் வாரத்தில் ஆல்புமின் நார்மலாகக்கூட இருக்கலாம், பழைய சரக்கு இன்னும் சுற்றுவதால். அங்கே ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி/ஐஎன்ஆர் பார்க்க வேண்டும், ஏனென்றால் உறைதல் காரணி 7 சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும்.

விட்டுப்போனது

1954 கட்டுரையின் தலைப்பு, காமா குளோபுலினைத் தவிர எல்லாப் பிளாஸ்மா புரதப் பகுதிகளையும் கல்லீரல் செய்கிறது என்றது. பட்டைகள் அளவில் அது சரி. பட்டைக்குள் புகுந்து ஒவ்வொரு புரதமாகப் பார்த்தால் இன்னும் சில தப்பித்துக்கொள்ளும். ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் காரணியை ரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள் செய்கின்றன, கொழுப்பைச் சுமக்கும் சில அப்போபுரதங்கள் குடலில் உருவாகின்றன.

இதில் எனக்குச் சுவையாகத் தெரிவது உறைதல் காரணி 8, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளிடம் இல்லாதது அதுதான். கல்லீரல் செயலிழந்தவருக்கு மற்ற உறைதல் காரணிகள் வரிசையாக விழும்போது 8 மட்டும் விழாது, பல சமயம் ஏறும். சரி, அப்போது அது கல்லீரலில் உருவாகவில்லை போலும் என்று முடிவுகட்டலாம். ஆனால் 1985 வாக்கில் பிட்ஸ்பர்க்கில் ஹீமோஃபிலியா நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் மாற்றினார்கள், அவருக்கு ஹீமோஃபிலியா போய்விட்டது! கல்லீரலில்தான் உருவாகிறது, ஆனால் கல்லீரல் கெட்டாலும் குறைவதில்லை. 2014-ல் எலிச் சோதனைகள் முடிச்சை அவிழ்த்தன: 8-ஐச் செய்வது ஆல்புமின் செய்யும் ஹெப்பட்டோசைட் செல் இல்லை, கல்லீரலுக்குள் ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் உள்வரிச் செல். மில்லரின் கருவியில் அந்தச் செல்லும் சேர்ந்தேதான் இருந்தது. வெளியே வரும் ரத்தத்தை மட்டும் அளக்கிற கருவிக்கு இருவரையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.